அத்தியாவசியமில்லாத இரண்டு கைகள்

"லுவான், தங்கம், எப்படி இருக்கே? கை எப்படி இருக்கு? நாய்க்குட்டி எப்படி இருக்கு?"

"நாய் செத்து மூணு வருஷமாச்சு, கேண்டஸ்."

"அச்சச்சோ. என் கம்ப்யூட்டர்ல இன்னும் வாலாட்டிக்கிட்டுதான் இருக்கு. சரி, கார்டு நல்லா வேலை செய்யுதா?"

கேண்டஸ் என்பவள் லுவான் ஷெரிக்கின் தோழி. ஜாய்ரிவா என்ற ஊசி மருந்தைச் செய்கிற கம்பெனி, சம்பளம் கொடுத்து நியமித்த தோழி. மாதம் தவறாமல் கூப்பிட்டு நலம் விசாரிப்பாள். லுவானின் சொந்த அக்கா இரண்டு மணி நேரப் பயணத்தில், டேட்டனில்தான் இருக்கிறாள்; கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் பெரிது. ஆகவே லுவானுக்குக் கேண்டஸ் மேல் உண்மையாகவே பிரியம் இருந்தது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், சேன்ஸ்வில் ஊரில், ஹோல்டர்மன் சூப்பர் மார்க்கெட்டின் பேக்கரியில் கேக்குக்கு எழுத்து எழுதுகிறவள் லுவான். அந்த ஊரில் ஒரு பிள்ளை பிறந்தாலும், பள்ளிக்கூடம் முடித்தாலும், ஒருவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், அதை முதலில் சர்க்கரையில் எழுதியது அவள் கைதான். ரோஜாப்பூவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அப்படிப்பட்ட கை ஒரு குளிர்காலத்தில் வீங்கிக்கொண்டது. "உங்க உடம்பே உங்க மூட்டைத் தின்னுது" என்றார் டாக்டர். ஜாய்ரிவா போட ஆரம்பித்ததும் தின்பது நின்றது. தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் வரும்: நரைத்த தலைகள் படகு விடுவார்கள், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு ஆண்குரல் இந்த மருந்தால் எப்படியெல்லாம் சாகலாம் என்று வேகமாகப் படித்துவிட்டுப் போகும்.

மருந்தின் விலை மாதம் ஏழாயிரம் டாலர். அந்த விலையை முழுதாக யாரும் கொடுப்பதில்லை. ஒருவரையொருவர் கைகாட்டுவதற்காக வைத்திருக்கிற விலை அது. லுவானின் வேலையோடு வந்த இன்சூரன்ஸ், வருஷத்தின் முதல் ஆறாயிரத்தை அவள் தன் பங்காகக் கொடுத்துவிட்டால் மீதியைத் தான் பார்த்துக்கொள்ளும். அந்த ஆறாயிரத்துக்கு அவள் எங்கே போவாள்? அதற்குத்தான் மருந்துக் கம்பெனியின் சேமிப்புக் கார்டு. லுவான் ஐந்து டாலர் கொடுத்தால் போதும், அவள் பங்கைக் கார்டு கொடுத்துவிடும். மருந்துக் கம்பெனி ஆறாயிரத்தைக் கொடுத்து, இன்சூரன்ஸிடமிருந்து அதைப் போலப் பல மடங்கை வாங்கிக்கொள்ளும். யாருக்கு நஷ்டம் என்று லுவான் யோசித்ததில்லை. அவளுக்கு விரல் மடங்கியது, நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மார்ச் மாதம் மருந்துக்கடையில், "ஆறாயிரம் டாலர் ஆகுது மேடம், கார்டா, காசா?" என்று கேட்டார்கள்.

"கார்டைத்தான் குடுத்தேனே."

"அது ரெண்டு மாசத்துல காலியாயிடுச்சு மேடம். ஒரு வருஷத்துக்கு அதுல இருக்கிறதே பன்னிரண்டாயிரம்தான்."

"அப்ப என் பங்கைப் போல ரெண்டு பங்கு கட்டியாச்சே?"

கடைப்பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "நீங்க இதுவரைக்கும் கட்டினது பத்து டாலர்னு காட்டுது."

இன்சூரன்ஸ்காரர்கள் அந்த ஜனவரியிலிருந்து கிளியர்மெர்சி என்றொரு நடுக் கம்பெனியை வைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே, பழைய ஓடு செய்யும் தொழிற்சாலை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். 'கையோடு கை' என்பது அவர்களுடைய வாசகம். லுவான் அங்கே கூப்பிட்டாள். பிரைஸ் என்ற பையன் பேசினான். அவன் உத்தியோகத்தின் பெயர் பராமரிப்பு வீரன்.

"கார்டுக்காரங்க அனுப்பின பணம் எங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு மேடம். ரொம்ப நன்றி."

"வந்துடுச்சில்ல? அப்ப என் பங்கு தீர்ந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"பணம் வந்துடுச்சு மேடம். ஆனா உங்க பணம் வரலை."

"பணத்துல என் பணம் உன் பணம்னு பேரா எழுதியிருக்கு?"

"நீங்க குடுத்திருந்தா உங்களுக்கு வலிச்சிருக்கும். வலிச்சாத்தான் மேடம் ஒரு பொறுப்பு வரும், இந்த மருந்து நமக்குத் தேவையான்னு ஒரு யோசனை வரும். வலிக்காத பணத்தை நாங்க கணக்குல சேர்க்கிறதில்லை."

"ஆனா வாங்கி வச்சுக்கிட்டீங்க."

"வாங்கிக்கிறது வேற பிரிவு மேடம். சேர்க்கிறது வேற பிரிவு. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை. உங்களுக்கு வேற ஏதாவது சந்தோஷம் கொடுக்கணுமா?"

கணவன் டுவேனிடம் சொன்னாள். அவன் கொட்டகையில் யாருடையதோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தான்.

"என் மச்சான் எனக்கு ஒரு பீர் வாங்கிக் குடுக்கிறான்னு வச்சுக்க. பார்க்காரன் காசை வாங்கிக் கல்லாவில போட்டுக்கிட்டு, 'இது உன் மச்சான் காசு, இப்ப நீ உன் காசைக் குடு'ன்னா என்ன பண்ணுவேன்?"

"என்ன பண்ணுவே?"

"மூக்கை உடைப்பேன்."

"இவங்களுக்கு மூக்கு எங்கே இருக்குன்னு தெரியலையே, டுவேன்."

கேண்டஸைக் கூப்பிட்டாள். கேண்டஸ் கொதித்துப்போனாள்.

"பாவிங்க! அவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நாங்க உனக்குக் குடுத்த பணத்தை முழுங்கிட்டாங்களே! நாங்க உன் பக்கம், தங்கம்."

"அப்படின்னா விலையைக் கொஞ்சம் குறைக்கலாமே கேண்டஸ்?"

கேண்டஸ் அடிபட்ட குரலில்: "விலையைக் குறைச்சா கார்டு எதுக்கு? கார்டு இல்லேன்னா நான் எதுக்கு? என்னைப் பிரிஞ்சுடணும்னு நினைக்கிறியா லுவான்?"

லுவான் பதறி மன்னிப்புக் கேட்டாள். கேண்டஸ் பெரிய மனதுடன் மன்னித்து, ஒரு பரிசு அனுப்புவதாகச் சொன்னாள். வந்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க, அமுக்கி அமுக்கி விடுவதற்கான ரப்பர் பந்து. ஊசி இல்லாமல் ஐந்தாவது வாரம் அது. லுவானால் பந்தை அமுக்க முடியவில்லை, உருட்ட முடிந்தது.

ஏப்ரலில் பிரைஸ் தானாகவே கூப்பிட்டான்.

"மேடம், ஒரு நல்ல சேதி! உங்களுக்குப் பைசா செலவில்லாம மருந்து கிடைக்க ஒரு வழி இருக்கு."

"சொல்லுப்பா, சொல்லு."

"ஜாய்ரிவாவை எங்க நிபுணர் குழு அத்தியாவசியமில்லாத மருந்துன்னு முடிவு பண்ணியிருக்காங்க. அத்தியாவசியமில்லாத மருந்துக்கு உங்க பங்கு இவ்வளவுதான்னு சட்டம் எதுவும் இல்லை. அதனால கார்டுல எவ்வளவு இருக்கோ அதுதான் உங்க பங்குன்னு நாங்களே வச்சுக்குவோம். கார்டை ஒட்டக் கறந்துக்குவோம். உங்க பையிலேர்ந்து ஒண்ணும் போகாது."

"கார்டுதான் காலியாச்சே."

"நீங்க எங்க திட்டத்துல சேர்ந்தா அவங்க திரும்ப நிரப்புவாங்க மேடம். நிரப்பாம எங்கே போவாங்க?"

"ஆனா கை எப்படிப்பா அத்தியாவசியமில்லாம போகும்?"

"நான் பட்டியலைப் படிக்கட்டுமா? இருதயம், நுரையீரல், கல்லீரல், கிட்னி... கிட்னி ஒண்ணு. கை வந்து விருப்ப உறுப்பு மேடம். கை இல்லாம எத்தனையோ பேர் வாழறாங்கன்னு குழு சொல்லுது. கல்லீரல் இல்லாம யாரும் வாழறதில்லை பாருங்க."

"குழுவில டாக்டர் இருக்காரா?"

"ஒருத்தர் இருக்கார் மேடம். கண் டாக்டர். ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு வர்றதில்லை, ஆனா இருக்கார். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். இந்தப் பேச்சு பதிவாகுது. 'என் கைகளுக்கான மருந்து எனக்கு அத்தியாவசியமில்லை'ன்னு உங்க வாயால சொல்லிடணும்."

லுவான் சமையலறை மேஜையைப் பார்த்தாள். காலையில் டுவேன் அவளுக்காக மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன காபிப் புட்டி இருந்தது. இப்போதெல்லாம் வீட்டில் எந்த மூடியையும் அவன் இறுக்குவதில்லை.

"என் கைகளுக்கான மருந்து எனக்கு அத்தியாவசியமில்லை" என்றாள்.

"கொஞ்சம் சந்தோஷமா சொல்ல முடியுமா மேடம்? வற்புறுத்தின மாதிரி இருந்தா பதிவு செல்லாது."

சந்தோஷமாகச் சொன்னாள்.

மறுவாரமே கேண்டஸ் அழுதுகொண்டு கூப்பிட்டாள். "நீயா சொன்னே லுவான்? கைக்கு மருந்து வேண்டாம்னு நீயா சொன்னே? பதிவை அனுப்பி வச்சிருக்காங்க. கேட்டுட்டு எனக்குச் சாப்பாடே இறங்கலை. அதுவும் எவ்வளவு சந்தோஷமா சொல்லியிருக்கே!"

"சந்தோஷமா சொல்லச் சொன்னாங்க கேண்டஸ்."

"எங்க மருந்து அத்தியாவசியமில்லைன்னு சொல்றவங்களுக்கு நாங்க எப்படித் தங்கம் கார்டு குடுக்கிறது? சட்டப் பிரிவு நிறுத்திடுச்சு. ஆனா நம்ம நட்பை யாராலயும் நிறுத்த முடியாது. உன் நாய்க்குட்டியைக் கேட்டதாச் சொல்லு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அங்கே இரண்டு பக்கமும் அன்பாக இடித்தார்கள். கார்டு போயிற்று. அத்தியாவசியமில்லாத மருந்து என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டதால், இனி அவள் பங்குக்கு மேல்வரம்பும் போயிற்று. ஆறாயிரத்தைப் புரட்டினால்கூட அது எதிலும் சேராது. டுவேன் தன் பழைய டிரக்கை விற்கிறேன் என்று கிளம்பினான்; விற்றால் ஒரு மாத ஊசிக்குக் காணாது என்று டிரக்கை வாங்க வந்தவனே சொல்லிவிட்டுப் போனான்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். கூப்பிட்டால் இயந்திரக் குரல் வந்தது: "கை மூட்டு வலியா? எண் ஏழை அழுத்தி, பத்து வினாடி விடாமல் பிடிக்கவும்." பிடித்தாள். உயிர் போய் வந்தது. பிரைஸ் வந்தான்.

"மேடம், முதல்ல விலை குறைஞ்ச மாத்திரையைச் சாப்பிட்டு, அது உங்களுக்கு உதவலைன்னு நிரூபிக்கணும்."

"அதையெல்லாம் எட்டு வருஷம் முன்னாடியே சாப்பிட்டு, உதவலைன்னுதானே ஊசிக்கு வந்தேன்?"

"அது வேற கம்பெனியில தோத்தது மேடம். எங்ககிட்ட இன்னும் தோக்கலை. தவிர, இப்ப நீங்க ஏழாம் நம்பரைப் பத்து வினாடி பிடிச்சிருக்கீங்க. விரல் நல்லா வேலை செய்யுதுன்னு கோப்புல தானாவே ஏறிடுச்சு."

அடுத்த முறை டுவேனை விட்டு அந்தப் பொத்தானைப் பிடிக்கச் சொன்னாள். அதைப் பிரைஸிடம் சொன்னபோது அவன், "அப்ப உங்க கணவருக்குக் கை மூட்டு வலின்னு பதிவாயிருக்கும் மேடம். அவர் எங்க திட்டத்துல இருக்காரா?" என்றான். பின்னாலிருந்து டுவேன் கத்தியதும் பதிவாயிற்று.

ஜூன் மாதம், சூப்பர் மார்க்கெட் மேனேஜர் டக் ஒரு ஆர்டரோடு பேக்கரிக்கு வந்தான்.

"லூ, பெரிய ஆர்டர். இருநூறு பேருக்குக் கேக். கிளியர்மெர்சி ஆண்டு விழா. 'கையோடு கை: நாற்பது மில்லியன் டாலர் சேமிப்பு'ன்னு எழுதணும். நடுவுல ரெண்டு கை கோத்துக்கிட்ட மாதிரி ஐசிங்ல போடணும்."

"டக், என் கை..."

"நாம எல்லாம் ஒரே குடும்பம் லூ. குடும்பத்துல கையைக் காரணம் சொல்லலாமா?"

வேலை போனால் இன்சூரன்ஸ் போகும். ஒன்றுக்கும் உதவாத இன்சூரன்ஸ்தான். ஆனால் மேல்முறையீடு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டுவேன் வந்து ஐசிங் பையை அவள் மணிக்கட்டோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டினான். விரலால் பிதுக்குவதை அவள் முழங்கையால் செய்தாள். எழுத்துகள் குடித்தவன் நடந்த மாதிரி போயின. கோத்த கைகளைப் போட்டு முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்கு, டுவேன்?"

"பார்த்தா..." டுவேன் மோவாயைத் தடவினான். "நண்டுக்குப் பக்கத்துல நண்டு."

கேக்கை அவளேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கண்ணாடிக் கட்டடத்தின் கூடத்தில் பலூன்களுக்கு நடுவே துணைத் தலைவர் ஹாலோவே பேசிக்கொண்டிருந்தார். வயது நாற்பது இருக்கும், பல் வெள்ளை.

"நண்பர்களே! ஒரு மருந்தோட விலையைக் குறைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மருந்துக் கம்பெனியோட மல்லுக்கட்டணும், வருஷக்கணக்காகும். ஆனா ஒரு ஆளுக்கு அந்த மருந்து கிடைக்காமப் பண்றது எவ்வளவு சுலபம்! ஒரு போன் போதும். இந்த வருஷம் நம்ம திட்டத்துல ஆயிரக்கணக்கான பேர் மருந்து வாங்கறதை நிறுத்திட்டாங்க. மருந்து வாங்காதவங்களை நம்ம கணக்குல எப்படிப் பதியறோம்? குணமானவங்கன்னு! உலகத்துல எந்த ஆஸ்பத்திரியாவது ஒரே வருஷத்துல இத்தனை பேரைக் குணப்படுத்தியிருக்கா?"

கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்து, கேக் வண்டியின் பின்னாலிருந்து லுவான் சொன்னாள்: "சார், நான் ஜாய்ரிவா போட்டுக்கிட்டிருந்தவ. நான் குணமாகலை."

ஹாலோவே மேடையை விட்டு இறங்கி அவளைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நண்பர்களே, ஒரு நோயாளி! நிஜ நோயாளி!"

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு நோயாளியையும் நேரில் பார்த்ததில்லை. வரிசையில் நின்று அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஹாலோவே அவள் தோளைத் தட்டி, "உங்க குரல் எவ்வளவு இதமா இருக்கு! எப்பவாவது வேலை வேணும்னா என்னைக் கூப்பிடுங்க" என்றார். அவள் கையைக் குலுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"ஹாலோவே தங்கமான மனுஷன் லூ. கேக்கைப் பத்தி ஒரு குறை சொல்லலை. நண்டு எதுக்குன்னு மட்டும் கேட்டார்."

"அது நண்டு இல்லை டக்."

"தெரியும், குடும்பத்துக்குத் தெரியும். ஆனா குடும்பத்துக்கு வெளியில இருக்கிறவங்க நண்டுங்கறாங்களே. எழுத்து எழுத ஒரு மிஷின் வருது லூ. நீ வீட்டுல இருந்து கையைப் பார்த்துக்க."

வேலை போன அன்று கேண்டஸ் கூப்பிட்டாள். எப்படித்தான் தெரியுமோ, தோழிக்குத் தெரிந்துவிடுகிறது.

"வேலை போச்சா? இன்சூரன்ஸும் போச்சா? ஐயோ லுவான், வாழ்த்துகள்! இன்சூரன்ஸே இல்லாத ஏழைங்களுக்கு நாங்க மருந்தைச் சும்மாவே குடுக்கிறோம்! முன்னாடியே நீ ஏழையாயிருந்தா எவ்வளவு கண்ணீர் மிச்சமாயிருக்கும்!"

"எப்ப வரும் கேண்டஸ்?"

"நீ நிஜமாவே ஏழைதானான்னு பார்த்துட்டு, உடனே. ஒரு பத்துப் பன்னிரண்டு வாரம்."

கோடை முழுவதும் அவள் ஏழைதான் என்று வெவ்வேறு ஆட்களிடம் நிரூபித்தாள். கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரம் அவர்கள் சொத்தல்ல, தன்னுடையது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாட்சி சொன்னார். அதற்குள் வீட்டுக் கடன் மூன்று தவணை நின்றுபோயிற்று. வங்கிக்காரர்களிடம் ஏழை என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை; அவர்கள் உடனே நம்பினார்கள். விரல் இல்லாமல் செய்யக்கூடிய வேலை எது என்று லுவான் யோசித்துப் பார்த்தாள். ஹாலோவேயைக் கூப்பிட்டாள்.

கிளியர்மெர்சியில் சேர்ந்த முதல் நாள் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியை ஒரு பெண் மாட்டிவிட்டாள். பேச வேண்டியது திரையில் ஓடும். இடது பக்கத்து இருக்கையில் சிவப்புத் தலைமுடிப் பையன் ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான்.

"நான் பிரைஸ்" என்றான்.

"தெரியும்" என்றாள் லுவான். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

அதே வாரம் கேண்டஸ் கூப்பிட்டாள். "இலவச மருந்து அனுமதி ஆயிடுச்சு தங்கம்! பெட்டி வண்டியில ஏறிடுச்சு! ஆனா இப்ப உனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதாத் தெரியுது, அதனால வண்டியிலேர்ந்து இறக்கிட்டோம். புது வேலைக்கு வாழ்த்துகள்!"

புது இன்சூரன்ஸ் யாருடையது? கிளியர்மெர்சியினுடையதுதான். மதிய இடைவேளையில் லுவான் தன் மருந்துக்காகத் தன் ஆபீஸையே கூப்பிட்டாள். இடது பக்கத்தில் மணி அடித்தது.

"வணக்கம், கையோடு கை, நான் பிரைஸ் பேசறேன்."

"பிரைஸ், நான்தான். இந்தப் பக்கம் பாரு."

பிரைஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மன்னிக்கணும் மேடம், நோயாளிகளை நேர்ல சந்திக்க எங்களுக்கு அனுமதியில்லை. உங்க பேர்?"

"வறுவல் பாக்கெட்டை இப்பத்தானே எனக்கு நீட்டினே!"

"அது சக ஊழியருக்கு நீட்டினது மேடம். உங்க பழைய பதிவு எங்ககிட்ட இருக்கு. உங்க கைக்கான மருந்து உங்களுக்கு அத்தியாவசியமில்லைன்னு சந்தோஷமா சொல்லியிருக்கீங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினான். "லூ, வறுவல் வேணுமா?"

அக்டோபரில் டாக்டர் அவள் விரல்களை மடக்கிப் பார்த்தார்; மடக்க வரவில்லை. "இனிமே மருந்து வந்தாலும் தீதான் அணையும் லுவான். வெந்தது வெந்ததுதான்" என்றார்.

அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. கென்டக்கியிலிருந்து ஒரு பெண். பெயர் ஷைலா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண் நோய்க்கு ஊசி.

"எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. கண்ணு அத்தியாவசியமில்லைன்னு நான் சொல்லணுமா? நான் பஸ் ஓட்டறவம்மா."

திரையில் அடுத்த வரி மின்னியது. லுவான் அதைப் படிக்கவில்லை. ஷைலாவின் மூச்சு கேட்டது.

"சொல்லாதே..." என்று ஆரம்பித்தாள் லுவான்.

பக்கத்தில் பிரைஸ் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பதிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. வங்கிக்குத் தவணை கட்டும் வாரம்.

"என்னம்மா சொன்னீங்க?"

"சொல்லாதேன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சும்மா. எனக்கும் இதே கதைதான், எனக்குக் கை. நானும் சொன்னேன். பரவாயில்லை, சொல்லிடுங்க."

"சொன்ன பிறகு உங்களுக்கு நல்லாயிடுச்சா?"

"இதோ, உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேனே."

ஷைலா சொன்னாள்.

"கொஞ்சம் சந்தோஷமா, தங்கம்" என்றாள் லுவான்.

இதமான குரல், சொந்த வலி. ஜனங்கள் அவளை நம்பினார்கள். மற்ற வீரர்கள் ஒரு நாளில் வாங்குகிற சம்மதத்தை அவள் மத்தியானத்துக்குள் வாங்கினாள். அடுத்த ஆண்டு விழாவில் அவள்தான் அந்த வருஷத்தின் சிறந்த வீராங்கனை. ஹோல்டர்மன் கடையிலிருந்து கேக் வந்தது. எழுத்தும் படமும் மிஷின் போட்டவை. நடுவில் கோத்த இரண்டு கைகள். நகக்கண் வரைக்கும் அச்சாக இருந்தன. நண்டு என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"லுவான்தான் வெட்டணும்!" என்றார் ஹாலோவே.

கத்தியைக் கொடுத்தார்கள். அது அவள் விரல்களுக்குள் நிற்காமல் மேஜையில் விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி விழுந்தது. கூடத்தில் யாரோ இருமினார்கள். ஹாலோவே சட்டென்று முன்னே வந்து, அவள் கையைத் தன் கைக்குள் பொத்தி, கத்தியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் கையைத் தொடுவது அதுதான் முதல் முறை.

"இதுதான் நண்பர்களே, கையோடு கை! படம் எடுங்க, படம் எடுங்க!"

அழுத்தினார். கத்தி கேக்கில் இறங்கியது. லுவானின் முகம் வெளுத்தது.

"ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறேனோ? வலிக்குதா?"

"வலிச்சாத்தான் சார் கணக்குல சேரும்" என்றாள் லுவான்.

கூடமே இடிந்துவிடும்போல் சிரித்தது. ஹாலோவேக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எழுதிக்குங்க, யாராவது இதை எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் அந்தப் படம் ஆளுயரத்துக்கு வரவேற்பறைச் சுவரில் ஏறியது. சிரிக்கிற ஹாலோவே, பக்கத்தில் லுவான், கீழே அவள் சொன்ன வாக்கியம்.

தினமும் காலையில் பிரைஸ் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான். ஒருநாள் அவள் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"என்ன லூ, நல்லாத்தானே வந்திருக்கு?"

"என் கை எங்கே, பிரைஸ்?"

"அதுவா? தோளுக்குக் கீழே வெட்டிட்டாங்க. பார்க்க அவ்வளவு நல்லா இல்லையாம்" என்றான் பிரைஸ். "வா, போன் அடிக்குது."